தாங்குதகுதிச் சான்று

ஒரு குடும்பம் ஓர் இடத்தில் குடியிருக்க வசதி போதுமா என்பதை அந்தக் குடும்பமே தீர்மானித்துக்கொள்ளும் அநாகரிகம் முன்பெல்லாம் இருந்தது. வாடகையைக் கேட்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், விஷயம் முடிந்துவிடும். இவ்வளவு முக்கியமான பெருமூச்சைப் பொதுமக்கள் கையில் விட்டுவைப்பது முறையல்ல என்று மேலிடம் கருதியதால் 'குடியமர்வுத் தாங்குதகுதி நிர்ணய அலுவலகம்' தோன்றியது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாக இருந்தபடியால் கடைசி எழுத்துகள் பக்கத்து மருந்துக்கடையின் மேல் நீட்டிக்கொண்டிருந்தன.

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் கலவைக்காரர் அந்த அலுவலகத்துக்கு ஏறிப்போனதற்குக் காரணம் பேராசை அல்ல. அவர் மனைவிக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் இராத்திரி நர்ஸ். விடியற்காலையில் வீடு வந்து, தலையணையில் தலை வைக்கும்போது கீழ்வீட்டுத் தகரப் பட்டறையில் முதல் அடி விழும். வாளி, புனல், பெட்டி என்று பட்டறைக்காரர் பகல் முழுக்கத் தட்டுவார். நல்ல மனிதர். தட்டுவதற்கு முன் மேலே பார்த்து, "தங்கச்சி, தூங்கிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டுவார்.

"ஏங்க, நேத்து ஒரு நோயாளிக்கு ஊசி போடும்போது நான் கண் அசந்துட்டேன்" என்றாள் நர்ஸ் ஒரு நாள்.

"ஐயையோ! அப்புறம்?"

"அவர்தான் என்னைத் தட்டி எழுப்பினார். இன்னொரு தடவை நடந்தா வேலை போயிடும்."

ஆகவே மேட்டுக்குக் குடிபோவது என்று முடிவாயிற்று. ஊருக்கு வெளியே பணக்காரர்கள் குடியிருந்த அந்தப் பகுதி உண்மையில் மேடு அல்ல, சுற்றுவட்டாரத்தைவிட ஒரு முழம் பள்ளம். ஆனால் மற்றவர்கள் அதை மேடு என்றார்கள், அங்கிருப்பவர்களும் மறுத்துப் பேசவில்லை. மழைக்குத் தேங்கும் தண்ணீரை 'ஏரிக்காட்சி' என்று விளம்பரத்தில் போட்டு அதற்கும் சேர்த்து வாடகை வாங்கினார்கள். அங்கே நாய்கூடச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் குரைக்கும் என்று கேள்வி. கலவைக்காரருக்கு அது போதும்.

"உக்காருங்க" என்றார் தாங்குதகுதி ஆய்வாளர். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"எதுல சார்?"

"சம்பிரதாயத்துக்குச் சொன்னேன். என்ன வேணும்?"

"மேட்டுல ஒரு வீடு பாத்திருக்கோம். எங்களுக்குத் தாங்குமான்னு..."

"தாங்காது."

"சார், நீங்க இன்னும் சம்பளம்கூடக் கேக்கலையே!"

"எதுக்குக் கேக்கணும்? தாங்குறவன் எவனாவது தாங்குமான்னு கேட்டுக்கிட்டு மாடி ஏறுவானா? நீங்க கேட்டுட்டீங்க. அதுவே பூரண ஆதாரம்."

கலவைக்காரர் யோசித்தார். "அப்ப கேக்காம நேரா குடிபோயிருந்தா?"

"சான்று இல்லாம குடியேறின குத்தம். காலி பண்ண வச்சிருப்போம்."

"அப்படின்னா இதுவரைக்கும் யாருக்குமே சான்று குடுத்ததில்லையா?"

"ஒருத்தருக்கும் இல்லை" என்றார் ஆய்வாளர், தன்னடக்கத்தோடு. "இவ்வளவு கறாரான அலுவலகம் வேற எங்கயும் கிடையாது."

கலவைக்காரர் வாசல்வரை போய்விட்டார். அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பெயிண்டைப் பார்த்து ஆய்வாளருக்கு என்ன தோன்றியதோ, கூப்பிட்டார்.

"ஒரு விலக்கு உண்டு. நீங்க இப்ப இருக்கற வீட்டுலயே மேட்டுக்காரங்க மாதிரி வாழ்ந்துட்டு இருந்தீங்கன்னா, நீங்க குடிபோறதாவே கணக்கில்லை. தப்பான எடத்துல இருக்கற நீங்க இடத்தைத் திருத்திக்கறீங்க, அவ்வளவுதான். நான் வந்து பாத்து எழுதிடுவேன்."

"மேட்டுக்காரங்க எப்படி சார் வாழறாங்க?"

ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுமே வச்சுக்க மாட்டாங்க. உங்க வீட்டுல பீரோ இருக்கா?"

"இருக்கு சார். கல்யாணத்துக்கு வாங்கினது."

"போச்சு. பீரோ இருந்தா உள்ள வைக்க ஏதோ இருக்குன்னு அர்த்தம். வைக்க இருந்தா, திருடு போயிடுமோன்னு பயம் இருக்கும். பயப்படறவன் பணக்காரனா? சரி, சேமிப்பு?"

"கொஞ்சம்..."

"மெதுவா! வெளிய யார் காதுலயாவது விழப்போகுது. சுவர் என்ன நிறம்?"

"பச்சை."

ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேட்டுச் சுவர்களின் நிறம் கலவைக்காரருக்கு நன்றாகத் தெரியும், அவரே கலந்து அனுப்பியதுதான். அது வெள்ளை. ஆனால் வெள்ளை என்று சொன்னால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். கடை அட்டையில் அதற்கு 'மௌனப் பால்' என்று பெயர். வெள்ளையில் ஒரு துளி சாம்பலும், சாம்பலே தெரியாதபடி ஒரு துளி மஞ்சளும், மஞ்சள் போட்ட குற்றத்தை மறைக்க மறுபடி வெள்ளையும் சேர்த்தால் மௌனப் பால். வாங்கிப்போகிறவர்கள் டப்பாவைத் திறந்து பார்த்து, "ஆஹா, எவ்வளவு நிம்மதி!" என்பார்கள்.

வீடு காலியாகத் தொடங்கியது. கட்டில் போயிற்று, சோபா போயிற்று. பீரோவைப் பட்டறைக்காரர் விரலால் தட்டிப் பார்த்து, "தகரம் தங்கமா இருக்கு மாப்ளே" என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே அது புனல்களாக வாசலில் தொங்கியது.

"ஏங்க, இப்ப சத்தம் ரெண்டு மடங்கா கேக்குது" என்றாள் நர்ஸ் வெறுந்தரையில் புரண்டபடி. "சாமான் இருந்தவரைக்கும் பாதிச் சத்தத்தை அதுதான் வாங்கிட்டு இருந்திருக்கு."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா. இப்ப நமக்கு ஒண்ணுமே தேவையில்லை. அவ்வளவு வசதி வந்துடுச்சு."

"வசதி வந்ததும் முதுகு வலிக்குமா என்ன?"

பிறகு கலவைக்காரர் சுவருக்கு நிறம் கலந்தார். இங்கேதான் தொழில் புத்தி காலை வாரியது. கையால் கலக்கும் நிறம் இரண்டாம் முறை அப்படியே வராது என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். குறைந்து போனால் சுவரில் திட்டுத் தெரியும். ஆகவே விவரம் தெரிந்தவன் கொஞ்சம் கூடுதலாகவே கலப்பான். கலவைக்காரர் மிகவும் விவரம் தெரிந்தவர். வீடு முழுவதும் அடித்த பிறகும் பீப்பாய் பீப்பாயாக மௌனப் பால் மிஞ்சியது. கலந்த பெயிண்டைக் கடை திரும்ப எடுக்காது. சாக்கடையில் ஊற்ற மனம் வருமா? எதிர்வீட்டுத் தபால்காரரிடம், "சும்மாதான், எடுத்துக்குங்க" என்றார். சும்மா என்ற சொல்லுக்குத் தெருவே கதவைத் திறந்தது. முனைவீட்டு டியூஷன் டீச்சர் அடித்தார், தையல்காரர் அடித்தார். பட்டறைக்காரர் தம் இரும்புக் கதவுக்கு அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "நம்ம கடையா இது! உள்ள போகவே கூச்சமா இருக்கு" என்றார்.

ஆய்வாளர் வந்த அன்று பட்டறைக்காரர் பெரிய மனது பண்ணிச் சுத்தியலைக் கீழே வைத்தார். ஆய்வாளர் ஒவ்வோர் அறையாகப் போனார். ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் வேறுபாடு தெரியவில்லை.

"அடடா! ஒண்ணுமே இல்லையே! மேட்டுலகூட ஒரு பூச்சாடியாவது வச்சிருப்பாங்க."

"நாங்க அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டோம் சார்" என்றார் கலவைக்காரர்.

ஆய்வாளர் கதவோரம் நின்றிருந்த கலவைக்காரரின் சின்ன மகளிடம் குனிந்தார். "உன் பொம்மை எல்லாம் எங்க பாப்பா?"

"வித்தாச்சு. நாம ரொம்பப் பணக்காரங்களாம், அதனால பொம்மை வாங்க முடியாதாம்."

"இந்த வயசுலயே என்ன தெளிவு!" ஆய்வாளர் நெகிழ்ந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மௌனப் பால். அதன்மேல் வெயில் விழுந்து, தபால்காரரின் சைக்கிள்கூட ஏதோ கலைப்பொருள் மாதிரி தெரிந்தது.

"இந்தத் தெரு முழுக்கவா?"

இந்த இடத்தில் புத்திசாலி வாயை மூடிக்கொண்டிருப்பான். நல்ல கலவைக்காரனால் அது முடியாது.

"எல்லாம் நான் கலந்ததுதான் சார்" என்றார் பெருமையாக. "எங்கயாவது திட்டுத் தெரியுதா பாருங்க."

அடுத்த மாதமே தெருமுனையில் ஆணை ஒட்டப்பட்டது. 'மேற்படி தெருவில் மேற்படி குடும்பம் மேட்டு முறைப்படி வாழ்ந்துவருவது ஆய்வில் தெரியவந்துள்ளதாலும், மேற்படி தெரு முழுமையும் மேட்டுத் தோற்றம் எய்தியுள்ளதாலும், மேற்படி தெரு இன்று முதல் மேடு எனக் கொள்ளப்படும். பட்டறை ஓசை உடனடியாக நிறுத்தப்படும். குடியிருப்போர் அனைவரும் தாங்குதகுதிச் சான்று பெறவேண்டும், தவறினால் காலி செய்யவேண்டும்.' வீட்டுக்காரர்கள் அதை மாலைக்குள் படித்துவிட்டு, வாடகையை இரவுக்குள் உயர்த்திவிட்டார்கள்.

மறுநாள் விடிந்தும் பட்டறை திறக்கவில்லை. நர்ஸ் வெறுந்தரையில் படுத்தாள். காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. கையை எடுத்தாள். கல்யாணமான புதிதில் தூங்கியதைப் போலத் தூங்கிப்போனாள்.

கீழே வாசலில் கலவைக்காரர், பட்டறைக்காரர், நேரில் விளக்கம் தர வந்த ஆய்வாளர் மூவரும் நின்றார்கள்.

"மெதுவா பேசுங்க சார்" என்றார் கலவைக்காரர். "அவ தூங்கறா. நாங்க மேட்டுக்குப் போகத்தானே சான்று கேட்டோம்?"

"போக வேண்டாமேன்னு மேட்டையே உங்க வாசலுக்குக் கொண்டுவந்திருக்கோம்" என்று கிசுகிசுத்தார் ஆய்வாளர். "மக்கள் சேவைன்னா இதுதான்."

"இப்ப நாங்க இங்க இருக்கலாமா?"

"கேட்டுட்டீங்களே! இனிமே எப்படி இருக்க முடியும்?"

பட்டறைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "நீங்க எங்க சார் குடியிருக்கீங்க?"

ஆய்வாளர் காலால் மண்ணைக் கிளறினார். "பின்சந்துல. அதையும் மேட்டுல சேத்துட்டாங்க. ராத்திரி என்னை நானே கேட்டேன், தாங்குமாடான்னு. கேட்ட தப்புக்கு என்னை நானே நிராகரிச்சுக் கையெழுத்தும் போட்டுட்டேன். சொந்த வீட்டு விஷயம்னு சலுகை காட்ட முடியுமா?"

மாலையில் நர்ஸ் எழுந்து வந்தாள். முகம் தெளிந்திருந்தது, குரலும் தெளிந்திருந்தது. கணவர் தலையைச் சொறிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். ஒரு நல்ல தூக்கம் மனிதமூளைக்கு என்ன செய்யும் என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது.

"நாலு வருஷமா இந்த வீட்டு வாடகை ஏறவே இல்லை. ஏன்னு இப்பதான் புரியுது" என்றாள். "அண்ணன் தட்டினதாலதாங்க நாம இங்க இருக்க முடிஞ்சுது. அண்ணே, பட்டறையை எங்க மாத்தறீங்க?"

"சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால ஒரு பாழடைஞ்ச சந்து பாத்திருக்கேன் தங்கச்சி. மனுஷன் இருக்கமாட்டான்."

"அங்க மாடி இருக்கா?"

"இருக்கு. ஏம்மா?"

"நாங்களும் வரோம்."

செய்தி பரவியது. பட்டறைக்காரரின் வண்டி கிளம்பியபோது பின்னால் தபால்காரர் வந்தார், டியூஷன் டீச்சர் வந்தார், தையல்காரர் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் முன்னால், அலுவலக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆய்வாளர் நடந்தார்.

சந்துக்குள் நுழைந்ததும் பட்டறைக்காரர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொல்வதைக் கேட்க இத்தனை பேர் இருந்தார்கள்.

"வந்தது சந்தோஷம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என் ஒரு சுத்தியல் இத்தனை குடும்பத்துக்குக் காணாது. ஒரு வாரம் இந்தச் சந்து அமைதியா இருந்தா இதையும் மேடாக்கிடுவாங்க. அதனால முறை போட்டு எல்லாரும் தட்டணும். சும்மா ஒப்புக்குத் தட்டறவங்களுக்கு இங்க இடமில்லை."

ஆளுக்கொரு சுத்தியல் கொடுக்கப்பட்டது. டீச்சர் தாளம் பிசகாமல் தட்டினார், அதற்காகக் கண்டிக்கப்பட்டார். ஆய்வாளர் தட்டுவதில் கருத்தைக் கவரும் நேர்மை இருந்தது. நர்ஸுக்குக் காலை முறை. இராத்திரி வேலை முடிந்து, கண் இரண்டும் கோவைப்பழமாக வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தகரத்தை ஓங்கி ஓங்கி அடித்தாள். பக்கத்தில் நின்ற கலவைக்காரருக்கு நெஞ்சு கனத்தது. ஆனாலும், "இன்னும் கொஞ்சம் பலமாம்மா, வாடகை நாள் கிட்ட வருது" என்றுதான் சொல்ல முடிந்தது.

ஒரு நாள் காலை, சந்து முனையில் ஒரு கார் வந்து நின்றது. மேட்டிலிருந்து ஓர் இளம் தம்பதி இறங்கினார்கள். உடையில் இருவரும் மௌனப் பால்.

"கேளேன்!" என்றாள் அவள், கணவன் கையைப் பிடித்து. "என்ன ஒரு உயிர்த்துடிப்பு! நம்ம பக்கமும் இருக்கே, செத்த வீடு மாதிரி. இங்க மாடி ஏதாவது காலியா இருக்குமா?"

"அடிங்க!" என்று அலறினார் கலவைக்காரர். "எல்லாரும் சேந்து அடிங்க!"

சந்து முழுவதும் அடித்தது. நர்ஸ் அடித்தாள், ஆய்வாளர் தம் நாற்காலியையே போட்டு அடித்தார், ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அடி விழ விழ, அந்த இருவரின் முகமும் மலர்ந்துகொண்டே போயிற்று.