ஏழாம் நம்பர் அறையும் பெரட்டு ஐயாவும்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கப்புறம் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக இந்தக் கை மைதா மாவைத்தான் பிசைந்திருக்கிறது. பேனாவைக் கொடுத்தாலும் பிசையத்தான் பார்க்கிறது. கையெழுத்து புரியாவிட்டால் தப்பு என்னுடையது. ரெண்டு சுழியா மூணு சுழியா என்று சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் மூணு சுழியே போட்டிருக்கிறேன், மரியாதையாக இருக்கட்டும் என்று. பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தேயிலைச் செடிகூட இல்லாத இடத்தில் தினமும் காலை ஆறரைக்குப் பெரட்டு நடத்திய மனிதர் இந்த நீலகிரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என்ன நினைத்து எதைச் செய்தார் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

பெரட்டு என்றால், எஸ்டேட்டில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துவிடுவது. நேரத்துக்கு வந்தால் பேரு விழும், அதாவது ஒரு நாள் கூலி. தாமதமாக வந்தால் அரைப்பேரு. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் பிறந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. பெரட்டு ஐயா, அவ்வளவுதான்.

குன்னூர் பஜாரில் ஒரு பேக்கரியில் நான் வர்க்கி போடுகிறேன், டீயில் தொட்டுத் தின்கிற மொறுமொறு அடுக்கு பிஸ்கட். கடைக்கு மேலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டிருந்தேன். முதலாளி அந்த மாடியை இடித்துப் புது அடுப்பு கட்டப்போகிறேன் என்றார். வீடு தேடக் கிளம்பினேன். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி.

"குடும்பம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"வயசு?"

"நாப்பத்தேழுங்க."

அதற்கு மேல் கதவுதான் பேசும். கல்யாணமாகாத பையன் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கல்யாணமாகாத நாற்பத்தேழு என்றால் பார்க்கவே மாட்டார்கள்.

அப்போதுதான், நான் தினமும் வர்க்கி கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கட்டடத்தில் கேட்டுப் பார்த்தேன். பெங்களூர்க்காரர்கள் நடத்துகிற கோ-லிவிங். அதை லாட்ஜ் என்பதா, ஹாஸ்டல் என்பதா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அறை உன்னுடையது, அடுப்படி எல்லாருடையது, சோபா யாருடையதும் இல்லை. ஏழு அறை. லேப்டாப்பும் கையுமாக இருக்கிற பிள்ளைகள். எதுவாக இருந்தாலும் செல்போனில் ஆப்பில்தான் எழுத வேண்டும். அது பெங்களூருக்குப் போகும். வாசலில் நின்ற மேற்பார்வைக்காரர்தான் நம்முடைய பெரட்டு ஐயா.

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எத்தனை மணிக்கு எந்திரிப்ப?"

"நாலரைக்குங்க ஐயா."

"ஏழாம் நம்பர். பெர்மனென்ட். பெட்டியக் கொண்டா."

வாடகை என்று இழுத்தேன். "பெர்மனென்ட் ஆளுக்கு லயத்துல எவன்டா வாடகை கேப்பான்?" என்றார். லயம் என்றால் எஸ்டேட்டில் ஆட்களுக்குக் கொடுக்கிற வரிசை வீடு. இங்கே ஏது லயம் என்று எனக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் தலையாட்டுவது என் பழக்கம். ஆட்டினேன். வாடகைக்குப் பதிலாக தினமும் காலையில் ஒரு பை சூடான வர்க்கி கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். கூடத்தில் தரையில் இரண்டு மூட்டை கிடந்தது, மெத்தென்று. குன்னூர் ஈரத்தில் மாவைத் தரையில் போட்டால் இரண்டே நாளில் கட்டி பிடித்துவிடும் என்று, இரண்டையும் தூக்கிப் பலகை மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். மூன்றாம் அறையிலிருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் ஹரிணி வெளியே வந்து தேடினாள்.

"ஏனுங்கண்ணா, இங்கிருந்த பீன் பேக் எங்கீங்க?"

"எதுங்க அம்மணி?"

"உக்கார்றதுங்கண்ணா."

மூட்டை மேல் உட்கார்ந்தால் எங்கள் முதலாளி சம்பளத்தைப் பிடிப்பார். இங்கே அதற்காகவே மூட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். கணேசன் ஒரு மாதிரி ஆள் என்று அன்றே பேச்சு கிளம்பியது. கணேசன் நான்தான்.

மறுநாள் ஆறரைக்கு வாசலில் தண்டவாளத் துண்டில் டங் டங் என்று மணி. அறை அறையாக எல்லாரும் வெளியே வந்து, பனியில் நடுங்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஐயா தடித்த நோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக நின்றார்.

"ஒன்னு?"

"ப்ரெசென்ட்."

"ரெண்டு? ரெண்டாம் நம்பர் எங்க?"

"ராத்திரி அமெரிக்கா கால் இருந்துச்சு அங்கிள், தூங்கறான்."

"அமெரிக்காவுக்குப் பேரு அமெரிக்காவுல போடுவான். இங்க அரைப்பேரு. மூணு, இன்னைக்கு வெயில் வருது, கம்பளியக் காயப் போடு. நாலு, அடுப்படி. அஞ்சு, உன் மொகத்தப் பாத்தா காய்ச்சல் மாதிரி இருக்கு, லீவு."

படித்த பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்று கேட்பீர்கள். கீசர் ஸ்விட்ச் இருந்த பெட்டியின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. முழுப்பேருக்கு முழு வாளி வெந்நீர், அரைப்பேருக்கு அரை வாளி. குன்னூரில் டிசம்பரில் குளித்துப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

குப்பையையும் அவர் விட்டுவைக்கவில்லை. கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசில் ஒவ்வொரு அறையின் குப்பைப் பையையும் மாட்டி நிறுத்து, சத்தமாக வாசிப்பார். ஒருநாள் ஹரிணி, "அங்கிள், ஒன்றரை கிலோ இருந்துச்சுங்க, ஒன்னுன்னு எழுதறீங்க" என்றாள். "ஈரத்துக்கு அரைக் கிலோ கழிச்சிருக்கேன்" என்றார். எஸ்டேட்டில் ஈரக் கொழுந்துக்கு அப்படித்தான் கழிப்பார்களாம். குப்பையில் கழிவு போட்டது யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம் என்று நாங்கள் அன்று முழுக்க யோசித்தோம்.

புகார் எழுதினார்கள், எழுதாமல் இல்லை. ஆனால் ஆப்பில் எழுதுகிற புகார் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு ஐயாவின் செல்போனுக்கே வந்துவிடும். மறுநாள் வரிசையில் எழுதியவர் முன்னாலேயே, எழுத்துக் கூட்டி வாசிப்பார். "மூணாம் நம்பர் எழுதியிருக்காங்க. மேற்பார்வையாளர் எங்களை ஸ்கூல் பிள்ளை மாதிரி நடத்துறார். கையெழுத்து ஹரிணி. ஏம்மா, நான் ஆறடி தூரத்துல நிக்கிறேன். பெங்களூர் எவ்வளவு தூரம்?"

ஹரிணி குனிந்து தன் காலைப் பார்த்தாள். "அங்கே எழுதினா பயமில்லைங்க."

"இனி என்கிட்டயே சொல்லு. பயமா இருந்தா கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு."

இதில் கூத்து என்னவென்றால், பெரட்டு நடந்ததற்கு அத்தாட்சியாக ஐயா தினமும் ஒரு போட்டோ எடுத்து பெங்களூருக்கு அனுப்புவார். அங்கே இருந்தவர்கள் அதை என்னவென்று நினைத்தார்களோ, குடியிருப்பவர்கள் எல்லாரும் அதிகாலையில் ஒன்றுகூடிப் பழகுகிறார்கள் என்று மெச்சி ஒரு கேக் அனுப்பினார்கள். எங்கள் நடுங்கும் வரிசை ஆப்பில் விளம்பரமாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் கொச்சியிலிருந்து யோகா விரிப்போடு குடிவந்தான். ஐயா அவன் விரிப்பை வாங்கிப் பார்த்து, "படங்கு நல்லா இருக்கு, இடுப்புல கட்டிக்க" என்றார். கொழுந்து எடுக்கிறவர்கள் மழைக்கு இடுப்பில் கட்டுவது படங்கு. அவனும் கட்டிக்கொண்டு ஒரு வாரம் நின்றான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எல்லார் செல்போனுக்கும் ஒரு அறிவிப்பு வந்தது. ஹரிணிதான் எனக்குப் படித்துச் சொன்னாள். குடியிருப்பவர்கள் எல்லாரும் அடையாள அட்டை காட்ட வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் அனுமதியில்லை. சரிபார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்.

எனக்கு நாற்பத்தேழு. மறுபடியும் அந்த வாசல்கள், அந்தக் கேள்விகள். மாடியையும் இடித்துவிட்டார்கள். ஐயாவிடம் போய் நின்றேன்.

"என்னடா?"

"வயசுங்க ஐயா."

"பெர்மனென்ட் ஆளுக்கு வயசு ஏது? போய் வேலையப் பாரு."

வந்தவர் நிவேதா என்ற மேடம். சேலத்துப் பெண், முப்பது வயதிருக்கும். ஆறு முப்பத்தைந்துக்குக் காரிலிருந்து இறங்கி, எங்கள் வரிசையைப் பார்த்துக் கை கூப்பிச் சிரித்தார்.

"அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றார் ஐயா. "அரைப்பேரு. அந்தக் கடைசில நில்லுங்க."

மேடம் போய் நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"ஆறு பேர்தானே இங்க குடியிருக்கணும்? ஏழாம் நம்பர் ஸ்டாஃப் ரூம். அது மேற்பார்வையாளருக்கு, உங்களுக்கு. இவர் யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோத்தகிரி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதையும், விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவதையும் மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் கட்டிலில் நான் படுத்திருந்திருக்கிறேன்.

"எனக்கெதுக்குங்க ரூம்?" என்றார் ஐயா. "எனக்கு வீடு இருக்கு. இவனுக்கு இல்லை."

"சார், அப்படியெல்லாம் யாரையும் வைக்க முடியாது. இவர் இன்னைக்கே காலி பண்ணணும்."

"பெர்மனென்ட் ஆளை லயத்துலேருந்து எறக்க முடியாதுங்க, அம்மா. துரையே வந்தாலும் முடியாது."

"இங்க யாருமே பெர்மனென்ட் இல்லை சார். நானே இல்லை."

நான் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் ஐயாவின் சட்டைப் பையில் டிங் என்றது. மறுபடி டிங். அவர் கண்ணாடியை மாட்டினார். புகார் வந்தால் எழுதியவர் முன்னால் வாசிப்பது அவருடைய சட்டமாயிற்றே.

"ரெண்டாம் நம்பர் எழுதியிருக்காரு. ஏழாம் நம்பரை அனுப்பினால் காலையில் நான் எழுந்திருக்க எந்தக் காரணமும் இல்லை. நாலாம் நம்பர். வர்க்கி இல்லாமல் டீ இறங்காது. மூணாம் நம்பர். அண்ணனை அனுப்பினால் நானும் போவேன், இது மிரட்டல்தான்." நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, ஆறடி தூரத்துல நிக்கிறாங்க, அவங்ககிட்டயே சொல்லக் கூடாதா?"

"பயமா இருந்துச்சுங்க" என்றாள் ஹரிணி, கண்ணை மூடிக்கொண்டு.

மேடத்தின் போனும் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ வர்க்கிப் பையை அவரிடம் நீட்டினார்கள். ஒன்றைக் கடித்தார். இன்னொன்றையும் எடுத்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து ரொம்ப நேரம் தேடினார்.

"குடியிருப்பவர்னு போட்டா வயசு ஒத்துக்க மாட்டேங்குது. ஸ்டாஃப்னு போட்டா ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். இவரை எந்தக் கட்டத்துல போடறதுன்னே தெரியலை" என்றார். கடைசியில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு மூடினார்.

ஹரிணி தன் போனைத் திறந்து காட்டினாள். இந்தக் கட்டடத்தின் வசதிகள் என்று ஒரு பட்டியல். வை-ஃபை, கீசர், வாஷிங் மெஷின், கணேசன்.

இன்றும் நான் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறேன். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, வசதி வேலை செய்யவில்லை என்று புதிதாக வந்த ஒருவர் புகார் எழுதியிருந்தார். நான் குடியிருக்கிறேனா, பொருத்தப்பட்டிருக்கிறேனா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

ஆனால் மேற்பார்வைக்காரர் கட்டடத்திலேயே தங்க வேண்டும் என்று பெங்களூரில் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். அறையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஐயாவிடம் சொல்ல மூன்று நாள் முயன்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "முட்டி இந்தப் படி ஏற மாட்டேங்குது" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டுத் தேவாலாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்குப் புது ஆள் இன்னும் வரவில்லை; அறை என்னிடமே இருக்கிறது. முந்தின நாள்தான் தோளில் தண்ணீர் கேன் வைத்துக்கொண்டு அதே படியில் ஏறினார்.

போன வாரம் லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். ஊட்டியிலிருந்து நடுவட்டம், கூடலூர் வழியாக, அரை நாள் பஸ். தேவாலாவில் சரியான மழை. ஐயா கதவைத் திறந்தார். முகம் மலர்ந்தது. மறுநொடியே சுருங்கியது.

"நீ இங்க வந்துட்டா ரூமை யாரு பாத்துக்குவா?"

"பூட்டிட்டு வந்திருக்கேனுங்க ஐயா."

"பூட்டுன ரூமை வேற ஆளுக்குக் குடுக்க எவ்வளவு நேரமாகும்? கிளம்பு. நாலு மணிக்கு பஸ் இருக்கு."

ஒரு வாய் டீதான் குடிக்க விட்டார். மகள் சோறு போடுகிறேன் என்றாள். அதையும் பொட்டலமாகக் கட்டச் சொன்னார். பிடித்துத் தள்ளாத குறைதான். குடையைக் கையில் திணித்து, பஸ் வரைக்கும் வந்து, கண்டக்டரிடம், "இவனை வழில எங்கயும் எறக்கிடாதீங்க, இவனுக்கு வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடுவட்டம் தாண்டியபோதுதான் காலைப் பார்த்தேன். அவசரத்தில் அவருடைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு நம்பர் சின்னது; கடிக்கிறது. புதுசு வாங்கலாம்தான், வாங்கவில்லை. மறுபடியும் தேவாலாவுக்குப் போக ஒரு காரணம் வேண்டும். கேட்டால் சட்டென்று சொல்ல எனக்கு வேறு காரணம் வராது.

கார்த்திகை மாதம், இரண்டாம் ஞாயிறு.