சாயா சிந்தாத பூகம்பக் கூடு

பூமிக்கு அடியில் ஒரு கல் நகர்வதென்றாலும் பூகம்பம் அண்ணனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் நகரும். வந்த பூகம்பத்தை எல்லாரும்தான் கண்டுபிடிப்பார்கள். வராத பூகம்பத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் எனக்கு எதிர்வீடு. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும், தெருவில் கிடையாது. வளைகுடாவில் வெல்டராக இருந்தபோது ஒருநாள் அவர் தங்கியிருந்த கட்டிடம் லேசாகக் குலுங்கியிருக்கிறது. குளித்துக்கொண்டிருந்த மனிதர் அத்தனை மாடியும் இறங்கி, தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் எவனுடையதோ தலையணை உறையுமாக நடுரோட்டில் நின்றாராம். கட்டிடத்துக்கு ஒரு கீறல் இல்லை. அண்ணன்தான் ஆடிப்போய் ஊர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் டிவிக்கு மேல் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார். தண்ணீர் ஆடினால் பூகம்பம். எங்கள் ரோட்டில் ரப்பர் மரத்தடி ஏற்றிய லாரி போனாலே ஆடும்.

"எலே, எல்லாரும் வெளிய வாருங்கலே!"

முதல் தடவை தெருவே வெளியே வந்தது. அடுத்த தடவை பாதித் தெரு. அப்புறம் தெருநாய் மட்டும் வந்தது, அதுவும் ஒரு மரியாதைக்காக. ஒரு கல்யாணப் பந்தியில் ஜெனரேட்டர் அதிர்ந்ததற்கு, பாயாசம் ஊற்றிய இலையை அப்படியே ஏந்திக்கொண்டு வெளியே பாய்ந்தார். பாயாசம் ஒரு சொட்டு கீழே விழவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் தமாஷாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் லாரிக்குப் பயந்து ஓடியவர் கேட்டுக்கு வெளியே நின்று திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி ஸ்டெல்லா மயினி இன்னும் முதல் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மயினிக்கு முட்டுவலி. கல்ஃப் காசில் கட்டிய வீடாயிற்றே, கிரானைட் போட்ட படிகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்.

"நான் எறங்கி வாரதுக்குள்ள உங்க பூகம்பம் அடுத்த ஊருக்குப் போயிரும், போங்க!" என்றாள் மயினி. தெருவே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

மறுநாளே அடுக்களை வாசல் படியை இடித்தார். மண் கொட்டிச் சரிவாக்கினார். சரிவு முடிகிற இடத்தில், பூகம்பம் வந்தால் மயினி ஒதுங்கிக்கொள்ள ஒரு கூடு கட்ட ஆரம்பித்தார்.

"கான்கிரீட்டு வெறச்சு நிக்கும், ஒடியும். மூங்கிலு அப்படி இல்ல மக்கா. ஆட்டினா ஆடும், பொறவு நேர நிக்கும். ஆணி ஒண்ணு கெடையாது, எல்லாம் கயித்துக் கெட்டாக்கும். மேல விழுந்தாலும் ஓலையில்லா விழும்? தட்டிவிட்டுட்டு எந்திச்சு வரலாம்."

முதல் கூட்டின் மேல் ஒரு சேவல் ஏறிக் கூவியது. கூவி முடிக்கும்போது சேவல் தரையில் நின்றது. இரண்டாவது கூட்டுக்குப் பலா இலையைத் தைத்துச் சுவர் வைத்தார். அதைப் பக்கத்து வீட்டு ஆடு மத்தியானத்துக்குள் தின்று முடித்தது.

"பூகம்பத்துக்குத் தாங்கும், ஆட்டுக்குத் தாங்காது!" என்றாள் மயினி.

மூன்றாவது கூடு வட்டமாக, தாழ்வாக, அகலமாக எழுந்தது. மூங்கில் கால்கள், கமுகு மரத்தைக் கீறிய வாரிச் சட்டங்கள், முடைந்த ஓலை, வைக்கோல் குழைத்த மண் பூச்சு. வாசலில் படியே கிடையாது. காலைத் தூக்காமல் நடந்து உள்ளே போகலாம். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அவள் உள்ளே போக மறுத்துவிட்டாள்.

"இந்தக் கோழிக்கூட்டுக்குள்ள நான் கேற மாட்டேன். பூகம்பம் வரண்டாம், நான் தும்மினாலே விழும், சவம்!"

அண்ணன் சோர்ந்துபோனார். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்தால்கூடத் தொடவில்லை. கடைசியில் மயினியே இறங்கி வந்தாள். "செரி. நீங்க உள்ள இருந்து ஒரு குலுக்கு வாங்கிட்டு வாங்க. கையில சாயா தாரேன். ஒரு சொட்டு சிந்தாம வந்தா நான் கேறுதேன்."

"பூகம்பத்துக்கு எங்க போவ?" என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நம்ம ரோடு இருக்குல்லா அண்ணே" என்று சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

பக்கத்துத் தெரு ஜஸ்டினின் டெம்போவில் தெருவே சேர்ந்து கூட்டை ஏற்றியது. மண் பூச்சு முந்தின நாள் பூசியது. மழை கொட்டுகிற ஆனி மாதத்தில் மண் பூசி, மறுநாள் காய்ந்துவிடும் என்று நம்பிய ஆள் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான். அண்ணன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தார். மயினி அளந்து பாதி டம்ளர் சாயா ஊற்றிக் கொடுத்தாள். நான் முன்சீட்டில்.

"அண்ணே, குழிய விட்டு ஓட்டணுமா, குழியில ஓட்டணுமா?" என்றான் ஜஸ்டின்.

"குழிய விட்டா நம்மூருல ரோடு எங்கலே இருக்கு? சும்மா ஓட்டு!"

பாலம் தாண்டும்போது மழை பிடித்தது. சும்மா மழையா, எங்கள் ஊர் மழை! பஸ் ஸ்டாப்பு வருவதற்குள் கூரையிலும் சுவரிலும் பூசிய மண் முழுக்கக் கரைந்து அண்ணன் தலையில் இறங்கிவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தது ஒரு மூங்கில் கூண்டையும், அதற்குள் வைக்கோல் முடியோடு இரண்டு கையாலும் டம்ளரை ஏந்தியிருந்த மண் சிலையையும்தான். ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடவே செய்தார்.

அடுத்த குழியில் 'படார்' என்று ஒரு சத்தம். கூடு போச்சு என்று நினைத்தேன். போனது டெம்போவின் ஸ்பிரிங் பட்டை. கயிறு நனைந்து இன்னும் இறுகி, கூடு அசையாமல் நின்றது. டெம்போவைத் தள்ளிக்கொண்டு வந்து, கூட்டை அதன் இடத்திலேயே இறக்கினோம். மழையும் விட்டிருந்தது.

"சாயா எங்க?" என்றாள் மயினி.

அண்ணன் நீட்டினார். டம்ளர் விளிம்புவரை ததும்பி நின்றது.

"அட பாவி மனுசா! பாதி டம்ளர் தந்தேன், நெறஞ்சுல்லா வந்திருக்கு!"

மயினி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துச் சிரித்ததில் முட்டு மடங்கிச் சாய்ந்தாள். கைக்குக் கிடைத்தது கூட்டின் மூங்கில் கால்தான். மொத்த பாரமும் அதில் விழுந்தது. கூடு ஒரு ஆட்டம் ஆடி, நேரே நின்றது. மயினி சிரிப்பை நிறுத்தினாள். வேண்டுமென்றே இன்னொரு தடவை உலுக்கிப் பார்த்தாள். பிறகு காலைத் தூக்காமல் பையப் பைய உள்ளே நடந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள். "மண்ணு மட்டும் மழ விட்ட பொறவு பூசுங்க."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மழயாக்கும்" என்றார்.

இப்போது மயினி அந்தக் கூட்டில் உட்கார்ந்துதான் உள்ளி உரிக்கிறாள், எங்களை ஏசுகிறாள். இதுவரை பூகம்பம் வரவில்லை. கிளாஸ் தண்ணீர் மட்டும் டிவி மேல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆடினால் அண்ணன் முதலில் ஓடுவது கேட்டுக்கு அல்ல, அடுக்களைக்கு. மயினியின் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்குக் கூப்பாடு.

யாரும் வெளியே போவதில்லைதான். ஆனால் லாரி போய் ஜன்னல் அதிரும்போதெல்லாம் நான் எதிர்வீட்டுக்குக் காது கொடுத்து நிற்கிறேன். அந்தக் கூப்பாடு வரக் கொஞ்சம் தாமதமானால்தான் எனக்குக் கால் ஆடுகிறது.