துரையின் பாயில் மூன்று பொட்டு

புதுப் பாய்ச்சீலையின் கீழ் ஓரத்தில் மூன்று குங்குமப் பொட்டு. பழனிமுத்து சீலையை வீட்டு வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தான்.

எல்கடுவைத் தோட்டத்துப் பெரிய துரை, தம்புள்ளைப் பக்கத்துக் குளமொன்றில் பாய்மரப் படகு ஓட்டுவார். டிரைவர் பழனிமுத்துதான் அதில் கயிறு பிடிப்பவன். காற்று கூடினால் முன்பாயைக் கொஞ்சம் சுருட்ட வேண்டும்.

"எதுவரைக்கும் சுருட்டணும்னு பாயிலேயே அடையாளம் வச்சிருக்கேன், பார்த்துக்க. பாயிலே ஒரு கறை பட்டாலும் நீ மம்பட்டியோட தேயிலை மலைக்கு வேலைக்குப் போயிரணும்" என்றிருந்தார் துரை. போன மாதந்தான் ஜீப்பை ரோசாப் பாத்தியில் ஏற்றியிருந்தான், பாவம்.

அடையாளம் இருந்தது. நீலப் பென்சிலில் நேரான கோடுகள். துரைமார் அடையாளம் வேறு எப்படி இருக்கும்? ஆனால் பொட்டு? ஜீப்புக்கும் தராசுக்கும் கோழிக்கூட்டுக்கும் பொட்டு வைக்கிற கை அந்தத் தொழிலாளர் லயத்தில் ஒன்றுதான், அவன் மனைவி ராசம்மாவின் கை.

"ராசம்மா, பாயிலே பொட்டு வச்சியா?"

"நான் வைக்கலே."

"கோழிக்கூட்டுக்கும் இப்படித்தான் சொன்னே."

தண்ணீர் கொட்டும் பீலியடியில் வைத்துச் சவுக்காரம் போட்டான். பொட்டு உள்ளங்கை அகலமானது.

"தேசிக்காய் பிழிஞ்சு தேச்சுப் பாருங்க" என்றாள் ராசம்மா.

தேய்த்தான். சிவப்பு மஞ்சளானது. பதறிப்போய் மறுபடி சவுக்காரம் போட்டான். மஞ்சள் சிவப்பானது, சோற்றுக் கோப்பை அகலத்துக்கு.

"போச்சு. மம்பட்டிக்குப் பிடி போட்டு வச்சுரு."

"அழுவாதீங்க. முழுசையும் சாயத்தண்ணியில முக்கிட்டா ஒரே நெறமாயிரும்ல?"

முதலில் நீலக் கோடுகளை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். அப்புறம் கோயில் அண்டாவில் தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்துப் பாயை அமுக்கினான். வெளியே எடுத்தபோது அந்தி வானம் மாதிரி ஒரே கபிலம். பால் ஊற்றினால் குடிக்கலாம் என்று அடுத்த வீட்டுக் காம்பராவில் யாரோ சொன்னார்கள்.

நூலை வைத்து, மூச்சை அடக்கி, கோடுகளை இம்மி பிசகாமல் திரும்பப் போட்டான்.

"நெறத்தைத் துரை கேட்டா?" என்றாள் ராசம்மா.

"வெயிலுக்குப் பழுத்துப்போச்சும்பேன். அடையாளம் பத்திரமா இருக்கில்ல, அதான் முக்கியம்."

பாயைக் காயப் போட்டு நிமிர்ந்தால், பங்களாவில் சமைக்கிற கிருஷ்ணம்மா குங்குமச் சிமிழோடு வருகிறாள்.

"என்னக்கா, கோயிலுக்கா?"

"இல்லேப்பா, துரைக்கு. அந்த நீலக்கோடெல்லாம் தையக்காரன் துணி வெட்டப் போட்டதாம். சுருட்டுறதுக்கு அவரே என் குங்குமத்தைத் தொட்டு மூணு அடையாளம் வச்சாரு, நாலாவது ஒண்ணு வைக்கணும்னு தோ பின்னாலயே வர்றாரு."