நான்காம் பலகைக்கு ஒரு விண்ணப்பம்

அன்புள்ள ராஜாராம் அண்ணனுக்கு, செஞ்சியிலிருந்து தங்கை ஷோபனா எழுதுவது.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். அறிவுமதி இப்போதுதான் தூங்கினாள். இங்கே அனைவரும் நலம். ஓசூரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் செஸ் குழுவில் எழுதினால் இருபத்திரண்டு பேரும் படிப்பார்கள், அதனால்தான் மெயில்.

"தொடர்ந்து மூன்று ஞாயிறு தோற்றவர்கள் திண்டிவனம் அணியோடு ஆடும்போது வெளியே உட்காரலாம்" என்று கேப்டனாக நீங்கள் போட்ட செய்தி என்னைப் பற்றித்தான் என்று தெரியும். தோற்றது உண்மை. எப்படித் தோற்றேன் என்று கேளுங்கள்.

நம் ஆன்லைன் லீக் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு. ஞாயிறு ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை. பி.எஸ்சி. இயற்பியல் படித்த நான் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. முதல் ஞாயிறு எனக்கு வெள்ளைக்காய். வழக்கமான லண்டன் சிஸ்டம்தான், ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, மந்திரியை வெளியே கொண்டுவந்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன், ஆறாவது நகர்வில் அறிவுமதி மூக்குக்குள் வேர்க்கடலையைத் திணித்துக்கொண்டாள். மூன்று வயது, சொன்னால் கேட்கிற வயதா? ஆடிக்கொண்டிருந்த போனைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் இடுக்கியால் எடுத்தார். கடலை முழுசாக வந்தது, ஆட்டம் போனது. வீட்டுக்கு வந்ததும் மாமனார் துரைக்கண்ணு நாள்காட்டியைப் பார்த்தார். "இன்னாமா, ராகு காலத்துல போயா ஆரம்பிச்ச?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

இரண்டாம் ஞாயிறும் வெள்ளை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது அண்ணா, ஆனால் கை போகவில்லை. சிப்பாய் மேல் விரலை வைத்தால் குழந்தையின் மூக்கு தெரிகிறது. என் வீட்டுக்காரர் பார்த்தார். "குடு, நான் ஆரம்பிச்சித் தரேன், ராகு எம்மேல வரட்டும்" என்று போனை வாங்கி, கண்ணில் பட்ட சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டார். அது ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் இருப்பது. அதைத் தள்ளினால் ராஜாவுக்கு வேலியே இல்லை. "ஷோபனா, இது எந்த ஊர் ஓப்பனிங்?" என்று குழுவில் கேட்டீர்களே, அது எங்கள் வீட்டு ஓப்பனிங். பத்தொன்பதாவது நகர்வில் மேட்.

அணியில் மூன்றாம் பலகையில் ஆடும் எனக்கு எப்போதும் வெள்ளைதானே, மூன்றாம் ஞாயிறும் அதேதான். இந்த முறை யாரையும் தொட விடவில்லை, நானும் தொடவில்லை. பதினைந்து நிமிடமும் கடிகாரம் ஓடித் தீர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அக்கா, நெட் இல்லையா?" என்று எதிராளி கேட்டான். இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்?

அன்றைக்கு மாமாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கறுப்புல ஆடினா யாரு மொதல்ல ஆரம்பிக்கிறது?"

"எதிராளிதான் மாமா."

"அப்புறம் இன்னா? ஆரம்பிச்சது அவன், நீ பதிலுதான சொல்ற? வூட்டுக்கு வந்தவங்கள வாங்கன்றதுக்கு நேரம் பாப்பாங்களா?"

இதில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. ஐந்து நாளாகக் கறுப்புக்கான காரோ-கான் ஓப்பனிங்கைப் பழகுகிறேன். ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளிவிட்டு, வா பாக்கலாம்னு உக்காந்திருக்கிறது எவ்ளோ நல்லா இருக்குது தெரியுமா? துணி காயப்போடும்போதுகூட அந்த வரிசைதான் மனசுல ஓடுது. அதனால என்னை வெளியே உக்கார வைக்காம, கறுப்பு வர்ற நாலாம் பலகைக்கு மாத்திடுங்கண்ணா. வாரத்துல யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு மணி நேரம் அதுதான். ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் குழுவுல சண்டை போடறதப் படிக்கிறதுகூட எனக்கு வேணும்.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் யானைகள் இரண்டும் கடைசிவரை பலகையில் இருக்கட்டும்.

அன்புத் தங்கை,
ஷோபனா

பி.கு.: அனுப்பப் போகும்போது அணிப் பட்டியல் வந்துவிட்டது. கேட்காமலேயே நான்காம் பலகை, கறுப்பு! எதிராளி திண்டிவனம் வெற்றிவேல். தண்ணீர் குடிக்க எழுந்த மாமாவிடம் சந்தோஷத்தில் சொல்லித் தொலைத்தேன். "அப்ப அந்தப் புள்ளதான ராகு காலத்துல ஆரம்பிக்கணும்? பாவம், யாருனா சொன்னாங்களா?" என்றார். வெற்றிவேலின் அப்பா கடலை மண்டியில் அவருக்குப் பழக்கமாம். நான் தடுப்பதற்குள் போன் போட்டுவிட்டார். "நல்லவேள சொன்ன துரைக்கண்ணு, பையன மொதக் காய எடுக்கவே வுட மாட்டேன்" என்றது அந்தப் பக்கம். இப்போது நான் கறுப்பில் உட்கார்ந்தால் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் ஜெயிப்பேன். திண்டிவனத்துக்காரர்கள் நம்மை என்ன சொல்வார்கள்? மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். அவர்கள் கேப்டனிடம் பேசி எங்கள் இருவருக்கும் நிறத்தை மாற்றுங்கள். அந்தப் பையன் பதில் சொல்லட்டும். வெள்ளையில் நானே ஆரம்பிக்கிறேன், என் விரலால். சீக்கிரம் பதில் போடுங்கள் அண்ணா.