சாம்பிள் நடத்திய வயிற்று விசாரணை

கரிசல் பூமியில் பிறந்தவர்களில், விடுதி முழுக்க வயிற்றோட்டம் என்று கேட்டதும் முகம் மலர்ந்தவன் சாம்பிள் ஒருத்தன்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் கல்லூரி விடுதி ஒன்றில் இருந்தோம். அவனுக்கு முதன்மைப் பாடம் தாவரவியல். கூடவே பயன்பாட்டுப் புள்ளியியலும் எடுத்திருந்தான். படித்ததை உடனே எங்கள் மேல் பயன்படுத்திவிடுவான் என்பதுதான் சிக்கல். சாப்பிட உட்கார்ந்தால் எல்லார் தட்டிலும் விரலால் சாம்பாரைத் தொட்டு நக்குவான். ஒரே அண்டாச் சாம்பார் எல்லாத் தட்டிலும் ஒரே ருசியாக இருக்கிறதா என்று பார்க்கிறானாம். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

எதற்கு இரண்டு பாடம் என்று ஒருநாள் கேட்டேன். எப்போதும்வென்றான் கிராமத்தில் அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் புஞ்சை உண்டு.

“ஒரே புஞ்சை, ஒரே விதை. ஒரு பக்கம் பருத்தி காய்க்குது, மறுபக்கம் காய்க்க மாட்டேங்குது. ஏன்னு கேட்டா பாட்டனி பாதிதாம்லே சொல்லுது.”

வயிற்றோட்டம் வந்தபோது வார்டன் யோசிக்கவே இல்லை. மிட்டாய்தான் காரணம் என்று, வாசலில் கடலைமிட்டாய் விற்ற அண்ணாச்சியை விரட்டிவிட்டார். சேதி பரவி, பஸ் ஸ்டாண்டிலும் அவரிடம் யாரும் வாங்கவில்லை.

சாம்பிளுக்கும் வயிறு சரியில்லை. ஆனாலும் அறை அறையாகப் போய் என்ன தின்றாய், எங்கே தண்ணீர் குடித்தாய் என்று கேட்டான். மாடி வராந்தாவில் சாக்பீஸால் கட்டம் போட்டு நிரப்பினான். நடுநடுவே சாக்பீஸோடு கக்கூஸுக்கு ஓடினான். சுகமாக இருந்தவர்களையும் விடவில்லை. கீழ்த்தளத்தில் ஒருவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எனக்குத்தான் ஒண்ணும் செய்யலயே. எங்கிட்ட என்னலே விசாரணை?”

“அதனாலதாம்லே கேக்கேன். நீ மிட்டாய் தின்னியா, இல்லியா?”

தின்றிருந்தான், நிறையவே. கீழ்த்தளத்தில் பாதிப்பேர் தின்றுவிட்டுக் கல்லுப்போல இருந்தார்கள். மாடியில் மிட்டாயைத் தொடாதவர்களும் சுருண்டு கிடந்தார்கள். மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி தனி.

வார்டனை அழைத்துவந்து கட்டத்தைக் காட்டினான். செடி கொடி படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் முணுமுணுத்தார்.

“தொட்டியத் தொறந்து பாத்துருவோம் சார். ஒண்ணும் இல்லேன்னா நான் சொன்னது தப்புதான்.”

தொட்டிக்குள் ஒரு காக்கா செத்து மிதந்தது.

வார்டன் நல்ல மனிதர். அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நாலு பேர் பார்க்க அண்ணாச்சியிடம் மிட்டாய் வாங்கி, அங்கேயே நின்று தின்றார். அண்ணாச்சி கண் கலங்கி சாம்பிளைத் தேடி வந்தார். இவனோ, வெயில் காலத்துப் பாகும் மழைக்காலத்துப் பாகும் ஏன் வேறு மாதிரி இறுகுகிறது என்று அவரைக் குடைய ஆரம்பித்துவிட்டான்.

நானும் மாடிக்காரன்தான். எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்து இப்ப எப்படி இருக்கு என்று விடாமல் கேட்டவன் அவன் ஒருவனே. கட்டத்தை நிரப்பத்தான் கேட்கிறான் என்று தெரியும். இருந்தாலும் அவன் மறுபடி எப்போது வருவான் என்று கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.