கெல்லரில் திருடிய சூடு

குகநாதனின் சுட்டுவிரல் பெட்டியின் பொத்தான்களுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. நாலு இலக்கம் அழுத்தவேண்டும். எந்த நாலு என்று அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஒழுங்கு.

சுவிஸின் வின்டர்தூரில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அவர் ஹவுஸ்வார்ட். படி துடைப்பது, பனி தள்ளுவது, பல்ப் மாற்றுவது, குப்பை நாளில் தொட்டிகளைத் தெருவுக்கு உருட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த உத்தியோகத்தோடு வந்ததுதான் கீழ்த்தளத்து மூன்று அறை வீடும். வேலை போனால் வீடும் போகும். ஒப்பந்தத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. கெல்லரில், அதாவது நிலத்துக்குக் கீழே இருக்கும் அறையில், முழுக் கட்டடத்தின் சூட்டையும் கூட்டிக் குறைப்பதற்கென்று ஹைசுங் பெட்டி ஒன்று சுவரில் தொங்கியது. அந்தப் பெட்டியைத் துடைக்கலாம், தொடக்கூடாது என்பது கட்டட நிர்வாகத்தின் கட்டளை. தொடாமல் எப்படித் துடைப்பது என்று பதினொரு வருடத்தில் அவர் ஒருமுறையும் கேட்டதில்லை. அப்படியான மனுசன்.

இன்றைக்கு அவரைக் கெட்ட வழிக்கு இழுத்தது நாலாம் மாடி வேணுகாவின் பிள்ளை. பிறந்து பதினெட்டு நாள். வீடோ வடக்குப் பக்கம், தை மாதம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காத பக்கம். வேணுகா நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. வீட்டில் இருபது டிகிரி இருக்கிறது, அது போதும், தேவையென்றால் கம்பளிச் சட்டை அணியவும்.

"ரெண்டு கம்பளிச் சட்டை போட்டுத்தான் கிடக்கு அண்ணை" என்றாள் வேணுகா. "தொப்பியும் போட்டிருக்கு. கண்ணும் மூக்கும்தான் வெளியில தெரியுது. மூக்குக் குளிருது."

அந்த மூக்குத்தான் குகநாதனை மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கெல்லருக்கு இறக்கியது. முதலில் ஒன்று இரண்டு மூன்று நாலு அழுத்திப் பார்த்தார். சிவப்பு விளக்கு. நாலு பூச்சியம் அழுத்தினார். அதற்கும் சிவப்பு. பிறகு ஒரு யோசனை வந்தது. பிரஜாவுரிமைப் பரீட்சைக்காக ராத்திரி பகலாகப் பாடமாக்கியதில் இன்றும் மறக்காமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: சுவிஸ் நாடு பிறந்த ஆண்டு. ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. அழுத்தினார்.

பச்சை விளக்கு எரிந்தது. இருபது என்ற எண் கண் சிமிட்டியது. அவர் இரண்டு முறை மேல் பொத்தானைத் தட்டினார். இருபத்திரண்டு. குழாய்களுக்குள் ஏதோ விழித்துக்கொண்டு ஓடுவதுபோல் அவருக்குக் கேட்டது. பெட்டியை நன்றாகத் துடைத்துவிட்டு மேலே வந்தார்.

அடுத்த நாள் காலை வேணுகா அவரைப் படியில் பிடித்தாள்.

"அண்ணை, வீடு நல்ல சூடு. பிள்ளை அஞ்சு மணித்தியாலம் நித்திரை. என்ன மாயம் செய்தனீங்கள்? ஒருக்கா வந்து மூக்கைத் தொட்டுப் பாருங்கோ."

குகநாதன் போய்த் தொட்டுப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் பதினொரு வருடமாக அந்தக் கட்டடத்தில் அவரைப் பார்த்து யாரும் நன்றி என்று சொன்னதில்லை.

"நான்தான் கெல்லரில கொஞ்சம் கூட்டி விட்டனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி."

"சீ, நான் ஏன் சொல்லப்போறன்."

பத்தரை மணிக்கு மூன்றாம் மாடிக் கஜலக்சுமி வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு வேணுகா சொன்னவ. அதுதான் உம்மட்ட மட்டும் கதைக்கிறன். என்ர முழங்காலுக்கும் ரெண்டு டிகிரி போட்டு விடும்."

"அக்கா, அது முழங்காலுக்கு எண்டு தனியாப் போட ஏலாது. முழுக் கட்டடத்துக்கும்தான்."

"அப்ப முழுக் கட்டடத்துக்கும் போடுமன்."

இருபத்து நாலு போட்டார். பின்னேரமே கஜலக்சுமி போன் எடுத்து, முழங்கால் மடங்குகிறது, கோயிலில் உம்முடைய பெயருக்கு ஒரு அருச்சனை செய்கிறேன் என்றார். அந்தச் சந்தோசத்தை முழுதாக அனுபவிக்க முதல் ஐந்தாம் மாடிச் சம்பத் இறங்கி வந்தார். சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்.

"சார், ரொம்ப வேர்க்குது சார். மீட்டிங்ல எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்காங்க, நான் மட்டும் பனியனோட உக்காந்திருக்கேன். கண்டிப்பா இருபத்தஞ்சு இருக்கும். நான் இன்ஜினியர், எனக்குத் தெரியும்."

ஒன்று குறைத்தார். கஜலக்சுமிக்கு முழங்கால் திரும்பப் பிடித்துக்கொண்டது. ஒன்று கூட்டினார். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் சுவிஸ்காரி சும்ஸ்டேக் அம்மாவின் ஓர்க்கிட் செடியில் மூன்று பூ உதிர்ந்தது. கெல்லரில் யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லி அந்தம்மா எல்லா யன்னலையும் விரியத் திறந்துவிட்டார். அந்தக் குளிர் படியால் ஏறி வருகிறது என்று வேணுகா முறைப்பட்டாள். ஒரு கிழமைக்குள் குகநாதன் ஒரு நாளைக்கு ஆறுமுறை கெல்லருக்கு ஏறி இறங்கும் நிலைக்கு வந்துவிட்டார். அவருடைய முழங்காலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மகள் தனுஷியா சாப்பாட்டு மேசையில் சிரித்தாள். அவள் உயர்தரப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

"அப்பா, நீங்கள் புரோமிதியஸ். கிரேக்கக் கதையில வாறவர். மனுசர் குளிரில கிடந்து சாகினம் எண்டு கடவுள்மாரிட்ட இருந்து நெருப்பைக் களவெடுத்துக் குடுத்தவர்."

குகநாதனுக்கு உச்சி குளிர்ந்தது. "கடவுள்மார் என்ன செய்தவை?"

"பாறையில சங்கிலியால கட்டிப்போட்டவை. ஒவ்வொரு நாளும் ஒரு கழுகு வந்து ஈரலைத் தின்னும். அடுத்த நாளைக்கு அது திரும்ப வளர்ந்திடும். திரும்பக் கழுகு வரும்."

"எனக்கு ஈரலில ஏற்கனவே கொழுப்பு எண்டு டொக்டர் சொன்னவர்."

"கழுகுக்கு நல்ல விருந்துதான்" என்றாள் மனைவி தில்லைநாயகி, சோற்றைப் போட்டபடி. அவள் சிரிக்கவில்லை. "இந்த வீடு போனா இந்த ஊரில இன்னொரு வீடு எடுக்கேலாது. அதை மட்டும் யோசியுங்கோ."

குகநாதன் சோற்றைப் பிசைந்தார். "தனு, நெருப்பை வாங்கின சனம் என்ன செய்தது? கட்டிக்கிடந்த ஆளைப் போய்ப் பாத்ததோ?"

தனுஷியா யோசித்தாள். "புத்தகத்தில அப்பிடி ஒண்டும் இல்லை அப்பா. சமைச்சுச் சாப்பிட்டிருக்குங்கள்."

அன்று பின்னேரம் கஜலக்சுமி ஒரு தீர்வோடு வந்தார். உடுப்புத் தோய்க்கும் அறைக்கு எந்த நாள் யாருக்கு என்று கதவில் பட்டியல் தொங்குகிறதுதானே. சூட்டுக்கும் அப்படி ஒன்று போட்டால் சண்டை இல்லை. குகநாதனுக்கு அது நீதியாகப் பட்டது. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை 24°, கஜலக்சுமி. ஒன்பதிலிருந்து ஐந்து வரை 20°, சம்பத். ஐந்திலிருந்து விடியும்வரை 22°, வேணுகாவின் பிள்ளை. சும்ஸ்டேக் அம்மாவுக்கு விளங்கக்கூடாது என்று முழுவதையும் தமிழில் எழுதினார். பார்ப்பவர்கள் கோயில் திருவிழா அறிவித்தல் என்று நினைப்பார்கள் என்பது அவர் கணக்கு. தோய்க்கும் அறைக் கதவில் ஒட்டினார்.

ஒட்டுவதற்கு முன் இன்னொரு காரியமும் செய்தார். முத்திரை இல்லாத தாளை இந்த ஊரில் யாராவது கிழித்துவிடுவார்கள். ஆகவே பதினொரு வருடப் பழக்கத்தில், கை தன்பாட்டுக்குப் போய், அடியில் ஹவுஸ்வார்ட் முத்திரையை அழுத்திக் குத்திவிட்டு வந்தது.

திங்கட்கிழமை சும்ஸ்டேக் அம்மா அந்தத் தாளின் முன் நெடுநேரம் நின்றார். தமிழ் விளங்கவில்லை. மணி விளங்கியது, டிகிரி விளங்கியது, முத்திரை நன்றாக விளங்கியது. போனில் படம் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பினார்.

நிர்வாகம் ஒருவர் மேலும் பாயவில்லை. எதையும் முறைப்படி செய்கிறவர்கள். எல்லா வீட்டுக்கும் ஒரு படிவம் அனுப்பினார்கள். சமீபத்தில் வீட்டுச் சூட்டில் மாற்றம் உணர்ந்தீர்களா, ஆம் என்றால் விவரிக்கவும்.

இங்கேதான் குகநாதனைக் காப்பாற்ற எல்லோரும் கிளம்பினார்கள். வேணுகா தனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஒரு பக்கம் எழுதினாள்: எங்கள் ஹவுஸ்வார்ட் தங்கமான மனிதர், அவர் கூட்டிவிட்ட பிறகுதான் என் குழந்தை உறங்குகிறது, அவருக்குப் பரிசு கொடுக்கவேண்டும். சம்பத் ஓர் அட்டவணையே போட்டார், எந்த மணிக்கு எத்தனை டிகிரி இருக்கும் என்று, எல்லாம் தன் உடம்பால் உணர்ந்து போட்ட கணக்கு. கஜலக்சுமி, மாற்றம் உண்டு, ஆனால் முழங்காலுக்கு இன்னும் காணாது என்று எழுதினார். சும்ஸ்டேக் அம்மா உதிர்ந்த பூ மூன்றையும் கடித உறையில் வைத்து அனுப்பினார்.

குகநாதனைக் கூப்பிட்ட நாளில் அந்த நாலு படிவமும் நிர்வாக அலுவலகத்தில் மேசைமேல் வரிசையாக இருந்தன. மறுபக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் புதிதாக வேலைக்கு வந்தவள், குரல் உயர்த்தாதவள்.

"நாலு வீடும் ஒரே விசயத்தைச் சொல்லுது. இந்தப் பெட்டியில கை வைச்சது நீங்களோ?"

குகநாதன் வழிமுழுக்க மூன்று பொய்களைத் தயாரித்து வந்திருந்தார். படிவத்தில் வேணுகாவின் கையெழுத்தைப் பார்த்ததும் மூன்றும் மறந்துபோயின.

"ஓம். நான்தான். பிள்ளை குளிரில கிடந்தது."

"அனுமதி இருந்ததோ?"

"கேட்டால் தரமாட்டியள்."

அவள் ஒரு தாளை நகர்த்தினாள். ஒப்பந்தத்தை மீறியதை ஒப்புக்கொள்கிறேன், பதவியிலிருந்து நானே விலகுகிறேன். கையெழுத்து வைத்தால் வழக்கு இல்லை, வைத்த பிறகு திருப்பி எடுக்க முடியாது, பங்குனி முடிய வீட்டைக் கையளிக்கவேண்டும். குகநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வைத்தார். திரும்பி வந்த ரயிலில் அவருக்கு அழுகை வந்தது. அழுதார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இந்த நாட்டில் அது ஒரு மரியாதை.

செய்தி கட்டடம் முழுக்கப் பரவியது. சம்பத் படியில் கண்டு, "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனார். வேணுகா கதவடியில் நின்று விம்மினாள். அவளைத் தேற்றுவதற்கே குகநாதனுக்கு அரைமணி நேரம் போனது. கஜலக்சுமி ஒரு சட்டி புட்டோடு வந்தார்.

"என்ன தம்பி செய்யிறது, உம்மட விதி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போக முதல் அந்த நாலு இலக்கத்தை ஒருக்காச் சொல்லிவிட்டுப் போம்."

தில்லைநாயகி அறையில் பாத்திரங்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். புட்டுச் சட்டியைக் கண்டாள். அடுத்த பாத்திரத்தை எடுத்துச் சுற்றினாள்.

பங்குனி முடிவில், வீட்டையும் திறப்பையும் கையளிக்கும் நாள், நிர்வாகம் ஹைசுங் திருத்தும் ஒருவரை அனுப்பியது. பெட்டியின் இலக்கத்தை மாற்றுவதற்கு. வந்தவர் முப்பத்தைந்து வயதுத் தமிழர், சாயிசன் என்று சட்டைப்பையில் பெயர் இருந்தது. குகநாதன் அவரைக் கெல்லருக்குக் கூட்டிப்போனார். கடைசியாக ஒருமுறை பெட்டியைத் துடைத்தார்.

"தம்பி, ஒரு உதவி" என்றார். "என்ர வேலையும் போச்சு, வீடும் போச்சு. அதைப் பற்றிக் கதைக்கேல்லை. இலக்கத்தை என்னவாவது மாத்துங்கோ. சூட்டை மட்டும் இருபத்திரண்டில விட்டுப்போட்டுப் போங்கோ. மேல ஒரு கைக்குழந்தை இருக்கு."

சாயிசன் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு டோர்ச்சை அணைத்துவிட்டு, குகநாதன் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, இது ஹவுஸ்வார்ட்மாரின்ர மனம் ஆறட்டும் எண்டு நாங்கள் எல்லாக் கட்டடத்திலயும் விட்டு வைக்கிற பெட்டி, வயரைக் கழட்டி நாலு வருசம், எண் மட்டும்தான் ஏறி இறங்கும், வீடு ஒரு நாளும் இருபதைத் தாண்டினதில்லை."