ஐந்து டன் குளிர்

"ஏ.சி. போட்டுடறேன். நீ கிளம்பி வா," என்றார் லைல் ஹாகன், போனில்.

மறுமுனையில் அவர் மனைவி ஆர்லிஸ். அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நாப்பது வருஷமா கேட்டேன்," என்றாள்.

"அதான் இப்ப போடறேன்னு சொல்றேன்ல."

"லைல், நான் இங்க வந்தது எதுக்குன்னா..."

"தெரியும். வெயில்."

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் டகோமா ஊர்க்காரர்களுக்கு மழை தெரியும், வெயில் தெரியாது. ஏ.சி. என்பது டெக்சஸ்காரன் சமாச்சாரம், நமக்கு ஜன்னல் போதும் என்று பெருமை பேசியே அந்த ஊர் வாழ்ந்துவிட்டது. லைல் அந்தப் பெருமைக்கு நாட்டாமை. அந்த ஜூலையில் ஜன்னலைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது. ஆர்லிஸ் ஒரு பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் யாக்கிமாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டாள். வாசலில் நின்று "வெயிலா?" என்று கேட்டார் லைல். அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "ஆமா, வெயில்தான்."

"வெயிலுக்குப் பயந்தவங்க யாக்கிமாவுக்கா போவாங்க?" என்று வேலிக்கு மேலாக எட்டிப்பார்த்துக் கேட்டாள் பக்கத்து வீட்டு ரெமி. "நம்ம ஊரைவிட அங்கதான் கொதிக்குது. நெருப்புக்குப் பயந்து அடுப்புல ஏறி உக்காருவாங்களா?"

"அவ அக்கா வீட்ல ஏ.சி. இருக்கு ரெமி. அதை வாங்கின வருஷம் என் சகலை டுவேன் கிறிஸ்மஸ் விருந்து முழுக்க அதைப் பத்தியே பேசினான்."

"ஓஹோ," என்று சொல்லிவிட்டு ரெமி உள்ளே போய்விட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லைலின் காதில் கோளாறு ஏதுமில்லை. ஆர்லிஸே அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்ய வைத்தாள். "பிரமாதமான காது, சின்னப் பையனுக்குக் கேக்கற மாதிரி கேக்குது" என்றார் டாக்டர். அதைக் கேட்டு ஆர்லிஸ் காரில் உட்கார்ந்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார் லைல்.

ஆனால் அவள் இல்லாத வீடு அவருக்கு ஆகவில்லை. காலையில் பழக்கத்தில் இரண்டு கோப்பைக் காபி ஊற்றிவிட்டு, இரண்டாவதை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையிலேயே விட்டுவைத்தார். அவள் திரும்பி வர வேண்டும். அதற்கு வீடு குளிர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

ஏ.சி. மாட்ட மரிசோல் என்ற பெண் அளவுநாடாவோடு வந்தாள். கேள்வி மேல் கேள்வி.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"இப்ப ஒருத்தன். சீக்கிரம் ரெண்டு."

"மதிய வெயில் எந்த ஜன்னல்ல விழும்? பரண்ல வெப்பம் இறங்காம ஏதாவது போட்டிருக்கா? மின்சாரப் பெட்டி எவ்ளோ பழசு?"

"உங்ககிட்ட இருக்கறதுலயே பெருசு எது?"

"இந்த வீட்டுக்கு ரெண்டு டன்னே தாராளம்..."

"பெருசு எதுன்னு கேட்டேன்."

"அஞ்சு டன். ஆனா அதைப் போட்டா சட்டுனு குளிர்ந்து சட்டுனு நின்னுடும் சார். தொடர்ந்து ஓடினாதான் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். இல்லன்னா வீடே..."

"எனக்குத் தெரியும்மா."

"வெளிய வைக்கிற பெட்டி சூடா ஊதும். செடி இல்லாத பக்கமா..."

"நிழல் அந்தப் பக்கம்தான் இருக்கு. அங்க வை."

மரிசோல் நாடாவைச் சுருட்டினாள். "பெருசு வித்தா எனக்குத்தான் லாபம். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

சட்டென்றுதான் குளிர்ந்தது. லைல் நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றுவதற்குள் மூக்கு சில்லிட்டது. ஏ.சி. நின்றது. வெற்றிப் புன்னகையோடு மறு காலணியைக் கழற்றினார். ஏ.சி. மறுபடி உறுமியது, நின்றது. உறுமியது, நின்றது. மாடியில் யாரோ யானையைத் தட்டி எழுப்பி எழுப்பித் தூங்க வைப்பது போல இருந்தது.

வாரக் கடைசிக்குள் வீடு குளிர்ந்த ஈரத்துணி ஆகிவிட்டது. உப்பு கல்லாகியது. பிஸ்கட் துவண்டது. படுக்கை விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது.

"குளிருதா?" என்று கேட்டாள் ஆர்லிஸ் போனில்.

"ஜில்லுன்னு இருக்கு. எப்ப வர்றே?"

"பாக்கலாம். இப்பத்தான் கொரின் அக்காவும் நானும் வெளிய காத்தாட உக்காந்தோம்."

"ஏ.சி.யை விட்டுட்டு எதுக்கு வெளிய?"

"அதுவா, இங்க..."

"சரி சரி, ஜலதோஷம் பிடிச்சிருக்கும். ரொம்ப நேரம் ஏ.சி.ல உக்காராத," என்று அறிவுரை சொல்லிவிட்டு வைத்தார்.

ஈரம் வெளியிலிருந்துதான் புகுந்து வருகிறது என்று முடிவு செய்து, எல்லா ஜன்னல் இடுக்கையும் டேப் ஒட்டி அடைத்தார். உள்ளே இருந்த ஈரம் குடும்பத்தோடு தங்கிவிட்டது. அலமாரியில் இருந்த அவருடைய கோட்டில் பச்சையாகப் பூசணம் பூத்தது. படுக்கையறைக் கதவு ஊறி உப்பி, நிலையில் சிக்கிக்கொண்டது. லைல் உள்ளே, கழன்று வந்த கைப்பிடி கையில். ஜன்னல் வழியாக இறங்கலாமென்றால் அதற்குத்தான் டேப் ஒட்டியாகிவிட்டதே. பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டு வெளியே குதித்தார். ரெமி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"சொந்த வீட்லேருந்தே தப்பிச்சுப் போறீங்களா லைல்? ஆர்லிஸ் கதவு வழியாவே போனா, அது கௌரவமா இருந்துச்சு."

அடுத்து, ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் இரண்டு வாங்கி வந்தார். அவை ஈரத்தை உறிஞ்சின. கூடவே சூட்டைக் கக்கின. சூடு ஏறியதும் ஏ.சி. உறுமியது. மூன்றும் சேர்ந்து உறுமியதும், லைலைவிட மூத்த அந்த மின்சாரப் பெட்டி டப்பென்று உயிரை விட்டது. ஃப்ரீசரில் ஆர்லிஸ் சேர்த்து வைத்திருந்த ஹக்கிள்பெர்ரி பழமெல்லாம் உருகி, சமையலறையில் கொலை நடந்த மாதிரி ஊதா நிறத்தில் ஓடியது. எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியை மாற்றினார். "இதை ஏ.சி. மாட்டறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணுமே, யாரும் சொல்லலியா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல," என்றார் லைல். மனதார நம்பித்தான் சொன்னார்.

கரண்ட் வந்ததும்தான் தோட்டத்துப் பக்கம் போனார். நிழல் இருக்கிறதே என்று ஏ.சி.யின் வெளிப்பெட்டியை வைத்த இடம் ஆர்லிஸின் டேலியாப் பூப்பாத்தி. செப்டம்பர் கண்காட்சியில் வருஷா வருஷம் அவளுக்கு முதல் பரிசு நீல ரிப்பன் வாங்கித் தரும் டேலியா. சூடான காற்றை நேருக்கு நேர் வாங்கி, அப்பளம் மாதிரிப் பொரிந்து நின்றன. மிச்சமிருந்த நாலு செடியைக் காப்பாற்ற, பெட்டியைச் சுற்றிப் பலகை அடித்து மேலே மூடியும் போட்டார் லைல். தன் சூட்டைத் தானே விழுங்கிய பெட்டி, அந்தக் கோடையின் உச்ச வெயிலன்று முனகிக்கொண்டே அடங்கியது.

மரிசோல் வந்தாள். பலகைக் கூண்டைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"சவப்பெட்டி அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு சார். வேலை சுத்தம்."

அவள் ஜன்னல்களை அளந்தாள், பரணில் ஏறினாள், கேள்வி கேட்டாள். லைல் பதில் மட்டும் சொன்னார். திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம், களைத்துவிட்டார். வடக்குச் சுவர் ஓரமாக இரண்டு டன் ஏ.சி. ஒன்று உட்கார்ந்தது. பூனை உறங்குவது போல மெல்ல ஓடியது. உப்பு உதிர்ந்தது. கதவைச் சாத்த முடிந்தது. நர்சரியில் வாங்கிய புது டேலியாக்களைப் பாத்தியில் நட்டுவிட்டு, நிறம் வேறே என்பது அவளுக்கா தெரியப்போகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். விரிப்பை மாற்றி, இரண்டு கோப்பைகளையும் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, யாக்கிமாவுக்குப் போன் போட்டார்.

டுவேன் எடுத்தார்.

"சகலை, ஆர்லிஸ் எங்க?"

"பின்னாடி இருக்கா. அக்காவும் தங்கச்சியும் குதிரைக்குத் தண்ணி வைக்கிற தொட்டியில ஐஸைக் கொட்டி, கழுத்து வரைக்கும் முங்கி உக்காந்திருக்காங்க. காலையிலேருந்து ஒரே சிரிப்பு."

"கிளம்பச் சொல்லு. ஏ.சி. ரெடி. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமா ஓடுது. இனிமே அவளுக்கு அங்க இருக்க வேண்டிய அவசியமே இல்ல."

டுவேன் வெக்கை தாளாமல் உஸ்ஸென்று ஊதுவது கேட்டது. மின்விசிறி கடகடத்தது.

"மாட்டினவங்க நம்பர் இருந்தா குடேன் சகலை. எங்க வீட்டு ஏ.சி. செத்து ரெண்டு வருஷமாச்சு, ஆர்லிஸ் உங்கிட்ட அப்பவே சொன்னாளாமே."